மறுவீட்டுச் சேலை

மகளுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். மறுவீட்டுக்கு உடுத்த, சந்தன நிறத்தில் கடையநல்லூர்க் கைத்தறிச் சேலை ஒன்று எடுத்திருந்தேன். அதன் முந்தியில் என் கையால் மல்லிகைக் கொடி தைத்துக் கொடுக்க ஆசை. ஆனியில் தொடங்கினேன். ஆடி பிறக்கும்போது பாதி முந்தி முடிந்திருந்தது.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்த நாத்தனாரோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். திரும்பும்போது பாசிப் படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர். வலியைவிட அந்தச் சேலைதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. மிச்சத்தை வெளியே கொடுத்து முடிக்கலாம் என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை.

என் கணவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வருஷங்களில் புளியறை செக்போஸ்டில் லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என்னிடம்தான் நீட்டுவார். மறுநாள் மத்தியானம் மகள் வேலைக்குப் போனதும், சேலையையும், தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையத்தையும் எடுத்து வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏட்டி, இந்த ஊசிய எப்படிப் பிடிக்கணும்னு சொல்லு."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முதலில் பழைய வேட்டித் துண்டில் பழகச் சொன்னேன். நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்றேன். அதற்கே அரைமணி நேரம் ஆனது. தைக்கத் தொடங்கியதும் நூலை இறுக்கி இழுத்தார், துணி சுருங்கியது. இழுக்காதீங்க, நூல் தானா படுக்கட்டும் என்று நாலு நாள் சொன்னேன். அவர் தைத்து முடித்ததை இடது கை விரலால் தடவிப் பார்ப்பேன். மேடு தட்டினால் பிரிக்கச் சொல்வேன். முணுமுணுக்காமல் பிரிப்பார்.

ஐந்தாம் நாள் சேலையில் முதல் பூ வந்தது. ஒரு மத்தியானத்துக்கு ஒரு பூ. பச்சை நூல் தீர்ந்ததும் துணுக்கு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசி பஜாருக்குப் போனார். வெயிலில் ஒன்று, விளக்கில் ஒன்றாகத் தெரியுது என்று மூன்று பச்சை வாங்கி வந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் தைப்பார். யாராவது கூப்பிட்டால் வளையத்தைப் பேப்பருக்கு அடியில் தள்ளிவிடுவார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டைப் பிரித்தார்கள். அன்று சாயங்காலம் சேலையை என் மடியில் விரித்தார். நான் போட்ட பாதியில் இலைகள் இருபுறமும் சாய்ந்திருந்தன. அவர் போட்ட பாதியில் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மறுபுறம் திருப்பினால் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"நல்லா இல்லைன்னா பிரிச்சிட்டு நீயே போட்டிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஒரு இழையைக்கூட நான் தொடவில்லை. இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.

மறுவீட்டு விருந்தில் மகள் அதைத்தான் உடுத்தியிருந்தாள். சம்பந்தியம்மா முந்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கே போட்டது என்று கேட்டார். பாதி அம்மா, பாதி அப்பா என்றாள் மகள். பந்தியில் இருந்த எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இலையைப் பார்த்தபடி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

சம்பந்தி தன் வேட்டியைக் காட்டி, எனக்கும் ஓரத்தில் ஏதாவது போட்டுத் தருவீங்களா அண்ணாச்சி என்று கேட்டார். கேலியோ என்று எனக்குப் பதைத்தது. இவர் நிமிர்ந்து, கொடி வேண்டுமா, வெறும் சங்கிலித் தையல் போதுமா என்று விசாரித்தார்.

அந்த வேட்டியை இப்போது தைத்துக்கொண்டிருக்கிறார். வாசல் கதவு திறந்தேதான் கிடக்கிறது.