தேவஇரக்கத்தின் பெயருக்கு முன்னால்

கல்யாணப் பத்திரிகையில் ஒருவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று அச்சாகியிருந்தால், ஏபிசிடி தெரியாதவர்கூட அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தித்தான் வாசிப்பார். செத்துப்போனவரைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ராஜபாளையத்தில் அச்சாபீஸ் வைத்திருந்த மைதீன் பிச்சையிடம் ஒருமுறை இதைக் கேட்டேன்.

“எங்காளுகளுக்கு மர்ஹூம்னு போடுவோம். மத்த எல்லாருக்கும் லேட்டுதான். காலஞ்சென்றன்னு தமிழ்ல போட்டா கல்யாண வீட்டுல பொம்பளைக அழுதுருவாக. இங்கிலீசுல போட்டா யாருக்கும் கண்ணுல தண்ணி வராது” என்றார். அப்பாவுக்குப் போடலாம், தாத்தாவுக்கும் போடலாம், பூட்டனுக்குப் போட்டால் ஊர் சிரிக்கும் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் ஏசம்மாளின் கதைக்கு வந்தார். அவள் அடக்கமாகி அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஏசம்மாள் எங்கள் தெருக்காரி. மூட்டை அடுக்கி வைக்கும் பஞ்சுக் கிட்டங்கியில் தூசு பொறுக்கும் வேலை. புருஷனுக்குப் பேர்தான் தேவஇரக்கம். அரிசி மில்லில் கணக்கு எழுத ரங்கூனுக்குப் போன மனிதர், கொஞ்ச காலம் கடிதம் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று கப்பலில் திரும்பிய ஒருவர் ஏசம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தாலியை மட்டும் சனிக்கிழமைதோறும் துலக்கிப் போட்டுக்கொண்டாள். மகள் அன்னாளை ஒற்றை ஆளாக வளர்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அன்னாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை கோர்ட்டுக் குமாஸ்தா. மாப்பிள்ளையின் அப்பா ராஜரத்தினம் சீர் எதுவும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

“பொண்ணோட அப்பா இருக்காருன்னா வந்து கையைப் பிடிச்சுக் கொடுக்கட்டும். இல்லேன்னா இல்லைன்னு பத்திரிகையில போடுங்க. ரெண்டுங்கெட்டானா இருந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக.”

செத்துப்போன அப்பனால் எந்தப் பெண்ணின் கல்யாணமும் நின்றதில்லை. ஓடிப்போன அப்பனால் நின்றிருக்கிறது. ஏசம்மாளுக்கு அது தெரியும்.

அச்சாபீஸுக்கு அவளே போனாள்.

“அவிய பேருக்கு முன்னால லேட்டுன்னு போடுங்கண்ணே.”

மைதீன் பிச்சை அச்செழுத்துப் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். “தகவல் எப்ப வந்துச்சு தங்கச்சி?”

“வரலை. உசுரோடதான் இருக்காக. அங்க ஒரு வீடும் இருக்கு.”

விரலில் இருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டாராம். பொறவு, “இதைப் போட்டா நீ தாலியை இறக்கணும். மக கல்யாணத்துல முன்னால நிக்க முடியாது” என்றார்.

“அவ நிக்கட்டும்” என்றாள் ஏசம்மாள்.

புருஷன் ரங்கூனில் காய்ச்சலில் போய்விட்டதாக ஊருக்குச் சொன்னாள். தெருப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள்; அவள் அழவில்லை. எங்கோ சோறு தின்றுகொண்டிருக்கிற மனிதனுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் பேசினார்கள். கல்யாணத்தன்று வெள்ளைச் சேலை உடுத்தி, வேதக்கோவிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். விதவை முன்னால் நிற்கக் கூடாது என்று பைபிளில் எங்கும் இல்லை. எங்கள் தெருவில் இருந்தது. அன்னாளின் கழுத்தில் தாலி ஏறியதை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, பர்மாவிலிருந்து எத்தனையோ பேர் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மாரிச்சாமி என்பவர் கிட்டங்கி வாசலில் வந்து ஏசம்மாளை விசாரித்தார். தேவஇரக்கம் அவரோடு கிளம்பியவர். மலைக்காட்டில் வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போயிருந்தார்.

“ஊருக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரு. ஏசம்மா என்னைச் சேத்துக்கிடுவாளா, சேத்துக்கிடுவாளான்னு வழியெல்லாம் கேட்டாரு. நாந்தான், சேத்துக்கிடுவாகன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.”

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மாரிச்சாமியைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். ஊர் ஏற்கெனவே துக்கம் விசாரித்து முடித்துவிட்ட சாவு அது. இப்போது அழுதால், ஸ்ரீவில்லிபுத்தூரில் புருஷன் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் அன்னாள் பதில் சொல்ல வேண்டிவரும். உள்ளே போய் வேலை முடியும்வரை பஞ்சில் தூசு பொறுக்கினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அச்சாபீஸ் படியேறினாள். உண்மை தெரிந்த மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான்.

“அண்ணே, அவிய இப்பத்தான் போயிருக்காக” என்றாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. மைதீன் பிச்சை கதவை ஒருக்களித்துச் சாத்தினார். காலால் மிதித்து ஓட்டும் அந்த அச்சு மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. காகிதம் வைக்காமல், மை தடவாமல், சும்மாவே மிதிக்கத் தொடங்கினார்.

“வாயிலேருந்து சேலையை எடு தங்கச்சி” என்றார்.

அவள் அழுது ஓயும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். பாய்க்கு இன்றைக்கு வேலை அதிகம்போல என்று தெருவில் நாங்கள் பேசிக்கொண்டோம்.