துப்பரவாக்கித் தந்த லப்டொப்

எங்கள் லப்டொப்பைத் திறந்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை வந்து, விண்டோஸா லினக்ஸா, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் அண்ணாவின் பக்கம். லினக்ஸ் என் பக்கம். அதைப் போட்டுத் தந்ததும் அண்ணாதான். முல்லைத்தீவில் கலியாணம் செய்து அங்கேயே தங்கிவிட்ட பிறகும், தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவைப் பார்த்த கையோடு தன் பக்கத்தில் எதையாவது இறக்கிவைத்துவிட்டுத்தான் போவார். என் பக்கத்துக்கு அவர் போட்ட பாஸ்வேர்ட்டை நான் மாற்றவே இல்லை. சொந்த அண்ணனுக்கு என்ன பூட்டு?

அந்தப் பக்கத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தேன். குளத்தில் எழுத்துகள் மிதந்து வரும். சரியானதைத் தொட்டால் கொக்கு வந்து கொத்தும். 'ழ'வைக் கொத்தவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வவுனியாவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, செய்த வேலை ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தது. என்னிடம் பட்டம் இல்லை. கொக்கு மட்டும்தான் இருந்தது, அதுவும் அந்த லப்டொப்பில் மட்டும்.

நேர்முகத்துக்கு முந்தின வாரம் விண்டோஸ் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"உங்கட பக்கம் ஒரே குப்பை, அண்ணா. ஒருக்காத் துப்பரவாக்கித் தாங்கோ."

"ரீசெட் பண்ணினாச் சரி. கொண்டுபோய்ச் செய்து தாறன்."

"என்ர பக்கம் கவனம். நேர்முகத்தில காட்டோணும்."

"அது எனக்குத் தெரியாதே?"

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தந்தார். திறந்தேன். கறுப்புத் திரை வரவில்லை. எதையும் கேட்காமல் நேரே விண்டோஸ் வந்தது.

"என்ர பக்கம் எங்க, அண்ணா?"

"நீதானே துப்பரவாக்கச் சொன்னனி," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. வீட்டைக் கூட்டினாலும் துப்பரவு. ஒன்றுமே மிச்சமில்லை என்றாலும் 'துப்பரவா இல்லை' என்போம். என் வாய்தான் பிழை என்று நினைத்தேன். பரவாயில்லை அண்ணா, தெரியாமல் நடந்ததுதானே என்று அவரைத் தேற்றவும் செய்தேன், மடைச்சி.

பிறகுதான் விண்டோஸில் அவருடைய கலியாணப் படங்கள் கண்ணில் பட்டன. எல்லாம் பத்திரமாக இருந்தன. நிறம் திருத்துவதற்காக அவற்றை நான் என் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். வேறெங்கும் இல்லை. விண்டோஸிலிருந்து பார்த்தால் என் பக்கம் தெரியாது. அந்தப் படங்களை எடுக்க அவர் என் பக்கத்துக்குள் போயிருக்க வேண்டும். அங்கே படங்களுக்கு அடுத்ததாகவே கொக்கு இருந்தது. சும்மா ரீசெட் பண்ணினால் மற்றப் பக்கம் அழியாது. அதை வேறாகத் தெரிவுசெய்து அழிக்க வேண்டும். உண்மையாகத்தானா என்று அது இன்னொரு தடவை கேட்கும். அதற்கும் ஓம் சொல்லியிருக்கிறார்.

"கலியாணப் படம் மட்டும் எப்பிடித் தப்பினது, அண்ணா?"

அவர் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்தார். அம்மா அங்கே அடுப்படியில் நின்றார். சீனி வருத்தம், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தான்.

"நீ வவுனியாவுக்குப் போனா அவாவை ஆர் பாக்கிறது?" என்றார், மெதுவாக.

கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை போகாமலும் விட்டிருப்பேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. எனக்கு எல்லாம் சொல்லித்தந்த கை அது. எங்கே அடித்தால் நான் எழும்ப மாட்டேன் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நேர்முகத்துக்கு வெறுங்கையோடு போனேன். மரியாதையாகக் கதைத்து அனுப்பினார்கள். பிறகு லினக்ஸை நானே திரும்பப் போட்டேன். பாஸ்வேர்ட்டும் என்னுடையது. கொக்கு இன்னும் 'அ'வில்தான் நிற்கிறது.

போன கிழமை அண்ணா ஃபோன் எடுத்தார். முதலில் அம்மாவின் மருந்தைப் பற்றிக் கேட்டார்.

"என்னில கோவம் ஏதும் இருக்கே?"

"துப்பரவா ஒண்டும் இல்லை, அண்ணா," என்றேன்.

நிம்மதியாகச் சிரித்தார்.