விரலிடுக்கில் வழிந்த தீர்த்தம்

சென்ற ஆண்டு தை மாதத்து வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கம் தாயார் சந்நிதி. அர்ச்சகர் என் உள்ளங்கையில் விட்ட தீர்த்தம், உதட்டை எட்டுமுன் ஒழுகிவிட்டது. வலக்கைச் சுண்டுவிரல் மோதிரவிரலோடு சேராமல் விலகியே நின்றது.

“என்ன மன்னி, தாயார் குடுத்ததை அவளுக்கே திருப்பித் தரேளா?” என்று உடன் வந்த நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த வாரமும் ஒழுகியது. இருவருமே சிரிக்கவில்லை.

என் முழங்கையருகே நெடுநாளாக அரிப்பில்லாத வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துக் காட்டிவிடலாம் என்று அவள்தான் திருச்சியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். மருத்துவர் என்னைக் கண்மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையை எடுத்தார். நான் காத்திருந்தேன்.

“ஆரம்பிக்கலாமே, டாக்டர்.”

“தொட்டுட்டுத்தாம்மா இருக்கேன்.”

தொழுநோய் என்று அவர் சொன்னபோது நான் பார்த்தது நாத்தனாரின் முகத்தை. மாத்திரையில் குணமாகும், மருந்து தொடங்கிவிட்டால் பிறருக்குப் பரவாது என்றார். நரம்பு வீங்கியிருக்கிறது, விரல் பழையபடி சேருமா என்பதற்கு மட்டும் அவர் உறுதி தரவில்லை.

“விரல் விலகினப்புறம்தான் நமக்கே தெரியுது. அதுக்கு முன்னாடியே ரத்தத்துல ஏதாவது அடையாளம் கிடைக்குமான்னு ஒரு ஆய்வு நடக்குதும்மா. உங்களுக்கு இப்ப இதனால பலன் இருக்காது. ரத்தம் தர்றீங்களா?”

இடக்கையை நீட்டினேன்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. காற்றில் நாத்தனாரின் புடவைத் தலைப்பு என் மடியில் விழுந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் முடியுமுன் அவள் அதை இழுத்துச் செருகிக்கொண்டாள். காற்றுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். சந்நிதியில் விரல்களை எவ்வளவு இறுக்கியும் தீர்த்தம் வழிந்தது. ஆனால் தரையில் விழவில்லை. என் கைக்குக் கீழே அவள் கை இருந்தது. அதில் விழுந்ததை அவள் உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

“அப்படிப் பாக்காதேங்கோ மன்னி. நகருங்கோ, பின்னாடி வரிசை நிக்கறது.”

மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டபின் விரல் பெருமளவு சேர்ந்திருக்கிறது; ஒரு சொட்டு இன்னமும் வழிகிறது. ஆய்வு முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் ரத்தம் கொடுத்துவருகிறேன். என் விரல் தாமதமாகச் சொன்னதை இன்னொருத்திக்கு அவள் ரத்தம் முன்கூட்டியே சொல்லும் காலம் வரட்டும். அன்றும், தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டபின் கீழே வந்து ஏந்தும் ஒரு கை அவளுக்கு வேண்டியிருக்கும்.