காணாமல் போன அரை இன்ச்

போன ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்தது நானும் மாணவன் பிரபுவும். அவன் வாங்கி வந்த மிக்சர் பொட்டலத்தையும் சேர்த்தால் மூன்று பேர். வராதவர் ஒருவர்தான் — கோமதி அக்கா.

திருச்செங்கோட்டில் நண்பனின் செல்போன் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புரோகிராமிங் சொல்லித் தருவது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க சேலத்தில் கம்பெனி வேலை, ஞாயிறு இது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் முழிப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால்தான் இந்த வகுப்பு.

கோமதி அக்கா வீட்டில் ஒரு போர்வெல் ரிக் வண்டி. கணவர் வண்டியோடு போவார். போனை எடுத்து ரேட் சொல்வது அக்கா. எத்தனை இன்ச் ஓட்டை, எத்தனை அடி ஆழம்... ஆழம் கூடக் கூட அடிக்கான ரேட்டும் ஏறும். இந்தக் கணக்கைப் போட ஒரு சின்ன புரோகிராம், அதையும் தானே எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. சீசனுக்குள் முடியாவிட்டால் லேப்டாப்பை விற்றுவிடலாம் என்று கணவர் சொல்லியிருந்தார்.

போன் செய்தேன். “ஏனுங்க்கா, வரலீங்களா?”

“வந்து என்னத்தப் பண்றதுங்க சாமி? எழுநூறுன்னு அடிச்சா அது நம்பரே இல்லைங்குது. எழுநூறு நம்பர் இல்லீன்னா, பின்ன என்னதானுங்க அது?”

நியாயமான கேள்விதானே?

நான் சொல்லித் தரும் மொழி கறார் பேர்வழி. எழுத்தா, முழு எண்ணா, தசம எண்ணா — எது என்ன வகை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கீபோர்டில் அடித்த 700, அதைப் பொறுத்தவரை வெறும் எழுத்து. எண்ணாக மாற்றினால்தான் பெருக்க விடும். மாற்றுவதற்கு வகைக்கு ஒரு கட்டளை. தவறினால் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு திட்டு. எங்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? லேப்டாப்பை மூடி வைப்பார்.

மிக்சர் தீர்வதற்குள் ஒரு குறுக்குவழி எழுதினேன். பெயர், ‘எண்ணாக்கு’. எதைக் கொடுத்தாலும் எண்ணாக மாற்றித் தரும். சத்தம் போடாது. திட்டாது.

“இத மொத வாரமே குடுத்திருந்தீங்கன்னா, இந்நேரம் அக்கா எனக்கு கிளாஸ் எடுத்திருப்பாங்கண்ணா” என்றான் பிரபு.

இருவரும் பைக்கில் அக்காவின் ஆபீசுக்குப் போனோம். வாசலில் ரிக் நின்றது. கணவர் அதற்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா லேப்டாப்பைத் திறந்து ஆழத்துக்கு 700 என்று அடித்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அக்கா முகத்தில் சிரிப்பு. அடுத்தது ஓட்டை அளவு. ஆறரை இன்ச், அதாவது 6.5. எங்கள் பக்கம் போர் என்றால் பெரும்பாலும் அந்த அளவுதான்.

திரையில் வந்தது... 6.

“அரை இன்ச் எங்கீங்க?”

எட்டிப் பார்த்தேன். எது வந்தாலும் முழு எண்ணாக்கும்படி அவசரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் இருந்ததை அது ஓசைப்படாமல் கீழே போட்டுவிட்டது.

வெளியிலிருந்து கணவர் குரல்: “ஏனுங் தம்பி, ஆறு இன்ச் ஓட்டைக்குள்ள ஆறரை இன்ச் டிரில் பிட்டை நீங்களே வந்து எறக்கிக் குடுப்பீங்களா?”

பிரபு குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

அக்கா சிரிக்கவில்லை. “பழசாவது திட்டுச்சுங்க. இது ஒண்ணுமே சொல்லலீங்களே சாமி. நான் பாக்காம ரேட் சொல்லியிருந்தா?”

திட்டுவது தப்பில்லை, புரியாதபடி திட்டுவதுதான் தப்பு. சுலபமாக்குகிறேன் என்று நான் எச்சரிக்கையையே பிடுங்கிப் போட்டிருந்தேன். பேங்க்கில் என் அப்பாவிடம் இப்படித்தான் சொல்வார்கள் — ‘நீங்க இங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்’. சுலபம்தான். ஆனால் என்ன நடந்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. நானும் அந்த கவுன்ட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேனோ?

அங்கேயே திருத்தினோம். முழு எண்ணுக்கு ஒரு கட்டளை, தசமத்துக்கு ஒரு கட்டளை. மாற்றும்போது எதையாவது விட வேண்டி வந்தால், நின்று கேட்கும். எப்படிக் கேட்க வேண்டும்? அந்த வரியை அக்காவே தட்டினார்:

“புள்ளிக்குப் பொறத்தால இருக்கறது உட்டுப்போகுதுங்க. பரவாயில்லீங்களா?”

ஆறரையை வேண்டுமென்றே முழு எண் கட்டளைக்குக் கொடுத்துப் பார்த்தார். நின்றது. கேட்டது.

“இப்பத்தானுங்க நம்மூட்டு ஆளாட்டப் பேசுது” என்றார். தசமக் கட்டளைக்கு மாற்றினார். 6.5 முழுசாக வந்தது. பிறகு எங்களை மறந்துவிட்டு ரேட் கணக்கில் இறங்கிவிட்டார். ‘அடுத்து என்ன கட்டளை’ என்று என்னைக் கேட்கவே இல்லை. இந்த ஞாயிறு ஓரகத்தியையும் கூட்டி வருகிறாராம்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். திரையில் இருந்த அந்த வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தார். எதிர்க்கடைப் பக்கம் திரும்பி நான்கு விரலைக் காட்டினார்.

அரை இன்ச்சைத் திரும்பக் கொண்டுவர ஆன மொத்தச் செலவு: நாலு டீ, அறுபது ரூபாய். கொடுத்தவர் — லேப்டாப்பை விற்கச் சொன்னவர்.