கெர்ரின் குரல் கொடுக்காத பந்து

கெர்ரின் டாட்ஸின் இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவள் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். டிமாரு வலைப்பந்து அரங்கில் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் குரல் கேட்கும் என்றார் ஒருவர். டி.வி.யில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தாலும் கேட்கும் என்றார் இன்னொருவர். அறை கொஞ்சம் சிரித்தது. பிறகு சீஸ் ரோல் தட்டு சுற்றி வந்தது.

ஆட்டத்தில் அவள் சொன்னது இரண்டே வார்த்தை. "வேணும்னா இருக்கேன்." வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. பிடித்த இடத்திலேயே நின்று மூன்று விநாடிக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். முன்னால் வழி அடைபட்டால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. குரலை நம்பித்தான் கொடுக்க வேண்டும். ஆறு வயதில் பள்ளிக்கூடச் சிமெண்ட் தரையில் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். பந்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத குழந்தைகூடப் பின்னால் போய் நின்று "வேணும்னா இருக்கேன்" என்று கத்தும்.

கெர்ரினின் குரல் ஒரே ஒரு முறை வரவில்லை. கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இருபது வயதில் அவள் கேல் அணிக்குள் வந்தாள், பயிற்சித் துணையாக. நாட்டின் பெரிய லீகில் ஆடும் ஆறு அணிகளில் கேல் ஒன்று. பயிற்சித் துணை என்றால் வாரம் நான்கு நாள் எதிரணியாக நின்று, ஆடப்போகிறவர்களின் தோளில் இடிபட்டு, சனிக்கிழமை ஆனதும் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார வேண்டும். அப்படி ஆறு வருடம். அப்புறம் ஒப்பந்தம் கிடைத்து, பெஞ்சில் மூன்று வருடம். பகலில் பால் பவுடர் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை. முடிவலை மாட்டிய தலையோடு குழாய்களைக் கழுவிக்கொண்டே மனதுக்குள் கோல் போட்டுக்கொண்டிருப்பாள்.

இருபத்தொன்பதாம் வயதில் வழி திறந்தது. ஒன்பது வருடமாக ஜி.ஏ. இடத்தில் ஆடியவளுக்கு முழங்கால் போய்விட்டது. ஜி.ஏ. என்றால் கோல் அட்டாக். ஓடவும் வேண்டும், கோல் கம்பத்தைச் சுற்றிய வட்டத்துக்குள் வந்து கோலும் போட வேண்டும். அணியில் அதைவிட ஆசைப்படத் தகுந்த இரண்டு எழுத்து கிடையாது. பயிற்சியாளர் நோலின் போன் செய்தாள்.

"இந்த வருஷம் ஜி.ஏ. உனக்குத்தான், கண்ணு. வயித்துல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு."

"கறி பஃப் மட்டும்தான் இருக்கு. ஆலை கேன்டீன்ல சாப்பிட்டது."

"சரி. அப்புறம் ஒரு சின்ன உதவி. வடக்குலேருந்து ஒரு பொண்ணு வரா. சும்மா மாத்து ஆளாத்தான். உன் வீட்டுல ஒரு ரூம் காலியா கிடக்குல்ல?"

அந்தச் சந்தோஷத்தில் கெர்ரின் எதைக் கேட்டாலும் சரி என்றிருப்பாள்.

தியாஹோ வடக்கே ருவாடோரியா என்ற ஊரிலிருந்து வந்தாள். பத்தொன்பது வயது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய புகை மீன். வாசலில் குனிந்து, அப்படியும் நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இந்த வாசல் யாருக்காகக் கட்டினது?"

"எனக்கு இருபத்தொன்பதுதான் ஆகுது."

"அதனாலதான் ஆன்ட்டி. முப்பது ஆனா பாட்டின்னு கூப்பிடலாம்னு இருக்கேன்."

அவள் ஊரில் அது மரியாதை. கெர்ரினுக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது.

மூன்றாவது ஆட்டத்தில் கெர்ரின் பாதி நேரத்துக்குள் ஆறு பந்தைத் தவறவிட்டாள். இடைவேளையில் நோலின் அதட்டவில்லை. தோளில் கை வைத்தாள், அது அதைவிட மோசம். "கொஞ்சம் உக்காரு, கண்ணு." கெர்ரின் சட்டையின் நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டியிருந்த ஜி.ஏ. பட்டைகளைப் பிய்த்தாள். வெல்க்ரோ கிழிகிற சத்தம் பெஞ்ச் முழுக்கக் கேட்டது. தியாஹோ உள்ளே போய் இருபத்துமூன்று முறை வீசினாள். ஒன்றே ஒன்று தவறியது. அந்த ஒன்று வளையத்தில் பட்டுத் தெறித்தபோது கெர்ரினுக்கு உள்ளே ஏதோ இனித்தது. மற்றவர்கள் கை தட்டினார்கள் என்று அவளும் தட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு எழுத்து அவளிடம் திரும்பி வரவில்லை.

வெளியில் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒரே காரில் பயிற்சிக்குப் போனார்கள். ஒரே துவைக்கும் இயந்திரத்தில் இரண்டு பேர் உடையும் சுழன்றது. தியாஹோ காலையில் கிண்ணம் நிறைய வீட்பிக்ஸ் கோதுமைக் கட்டிகளை அடுக்கிப் பால் ஊற்றிச் சாப்பிடுவாள். ஈர ஷூவை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பாள். ஆட்டத்துக்கு முதல் நாள் பத்து மணி நேரம் அசையாமல் தூங்குவாள். அந்தத் தூக்கத்தைத்தான் கெர்ரினால் பொறுக்க முடியவில்லை. ஒன்பது வருடத்தில் ஆட்டத்துக்கு முதல் நாள் அவள் ஒரு முறைகூட அப்படித் தூங்கியதில்லை. தியாஹோவின் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து, படகேறிக் கடல் தாண்டி, தெற்கே இருக்கும் இந்தத் தீவு வரைக்கும் வந்து, அரங்கத்தில் எழுந்து நின்று பாடினார்கள். கெர்ரினின் அம்மா அப்பா பண்ணையில் மாடு கறந்துகொண்டே ரேடியோவில் கேட்டார்கள். அவள் பெயர் வந்தால்தானே கேட்பதற்கு.

ஒரு நாள் ஆலையில் கூட வேலை செய்யும் பெண் அவள் முதுகைத் தட்டினாள். "என்னவோ ஒட்டியிருக்கு, கெர்ரின். ஓ, ஜி.ஏ. இந்த வாரம் நீ ஆடறியா?"

தியாஹோவின் பட்டை கம்பளி ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டு துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வந்திருக்கிறது. பாதிக் காலையாக அவள் அதை முதுகில் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறாள். "இல்ல, அது வீட்டுல இருக்கற பொண்ணோடது" என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

கடைசி லீக் ஆட்டம் ஹாமில்டன் அணியோடு. ஜெயித்தால் முதல் மூன்று இடத்துக்குள் வரலாம். தோற்றால் பருவம் அன்றோடு முடிந்தது. கடைசிக் கால் பகுதியில் விங் அட்டாக் ஆடியவளின் கணுக்கால் பிசகியது. நோலின் பெஞ்சைப் பார்த்தாள். "கெர்ரின், டபிள்யூ.ஏ. ஒட்டிக்கோ." விங் அட்டாக் வட்டத்தின் விளிம்பு வரை போகலாம், உள்ளே போகக் கூடாது, கோல் போடவும் கூடாது. பந்தைக் கோல் போடுகிறவளிடம் சேர்ப்பது மட்டும்தான் அவள் வேலை.

இரண்டு அணியும் ஐம்பத்துநாலு. மிச்சம் இருபது விநாடி. பந்து கேல் அணியிடம். தியாஹோ வட்டத்தின் விளிம்பில் பாய்ந்து பிடித்தாள். உடனே முன்னால் நான்கு கைகள் எழுந்தன. கோல் கம்பத்தடியில் இருந்த அணித் தோழியும் அடைபட்டிருந்தாள். தியாஹோவுக்குப் பின்னால், இரண்டு எட்டு இடப்பக்கத்தில், கெர்ரின் தனியாக நின்றாள். பக்கத்தில் ஒருத்திகூட இல்லை. கைகள் பழக்கத்தில் தானாக நீண்டன.

கூப்பிட்டால் பந்து வரும். வந்தால், உள்ளே ஓடும் தியாஹோவுக்கே திருப்பித் தர வேண்டும். அவள் போடுவாள். தவறவிட மாட்டாள். நாளைக் காலைப் பேப்பரில் அவள் சிரிப்பு வரும். இதெல்லாம் கெர்ரினுக்கு ஒரே கணத்தில் தெரிந்தது. வாய் திறந்தது. காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

விசில் ஒலித்தது. தியாஹோ மூன்று விநாடிக்கு மேல் பந்தைப் பிடித்திருந்தாள் என்று நடுவர் கை காட்டினார். ஹாமில்டன் பெண்கள் நான்கே வீச்சில் பந்தை மறுமுனைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு கோலில் தோல்வி.

திங்கட்கிழமை நோலின் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினாள். கெர்ரினின் முதுகுதான் தெரிந்தது. ஒலியில் கூட்டத்தின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"தியாஹோ, இங்க பாரு. உன் பின்னால ஒருத்தி பஸ்ஸை நிறுத்தற மாதிரி ரெண்டு கையும் நீட்டிகிட்டு நிக்கறா. ஏன் கொடுக்கல?"

"எனக்குக் கேக்கல."

"கெர்ரின், நீ கூப்பிட்டியா?"

கெர்ரின் வாய் திறப்பதற்குள் தியாஹோ சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி கூப்பிடாம இருப்பாங்களா? பல்லு விளக்கும்போதுகூட 'வேணும்னா இருக்கேன்'னுதான் சொல்வாங்க. என் காதுதான் சரியில்ல. சின்ன வயசுல இடது காதுல சீழ் வந்து குழாய் வெச்சாங்க. திரும்ப வந்துடுச்சுன்னு நினைக்கறேன்."

எல்லோரும் கெர்ரினைப் பார்த்தார்கள். கெர்ரினின் தலை மெல்ல ஆடியது. ஆமாம் என்பது போல.

நோலினின் முகம் மாறியது. "வியாழக்கிழமை காது டாக்டர்கிட்ட போ. வெள்ளிக்கிழமை அடுத்த வருஷ ஒப்பந்தம் பேசறோம். குரல் கேக்காத ஆளை நான் வட்டத்துக்குள்ள வைக்க முடியாது, கண்ணு. கெர்ரின், நீ கூட்டிகிட்டுப் போயிடறியா?"

அப்படியானால் ஜி.ஏ. யாருக்கு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. வேறு ஆள் இல்லை. மூன்று நாள் கெர்ரின் அந்த இரண்டு எழுத்தையே நினைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை ஒன்பது வருடத்தில் முதல் முறையாகப் பத்து மணி நேரம் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்னால் தியாஹோ சமையலறையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, மெதுவா ஏதாவது சொல்லுங்க. அங்க போய் அசிங்கப்படறதுக்கு முன்னாடி நானே பாத்துக்கறேன்."

"ஷூவை ஹீட்டர் பக்கத்துல வைக்காதே."

"அது தினம் கேக்கறது. அதைக் கணக்குல எடுக்க முடியாது. வேற சொல்லுங்க. இன்னும் மெதுவா."

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு கெர்ரின் நின்றாள். அன்றைக்குப் பார்த்த அதே முதுகு. எழுத்து மட்டும் இல்லை.

"வேணும்னா இருக்கேன்" என்றாள், மூச்சளவில்.

"கேட்டுச்சு." தியாஹோ திரும்பாமலே யோசித்தாள். "இது கேக்குதுன்னா அன்னிக்கு ஏன் கேக்கல?"

"நான் கூப்பிடல."

"என்ன? அது சரியா கேக்கல. பாத்தீங்களா, போயிடுச்சு காது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம். டோஸ்ட் கருகுது என்று சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே கருகிக்கொண்டிருந்தது.

"நான் கூப்பிடல, தியாஹோ. உன் காதுல ஒண்ணும் இல்ல."

தியாஹோ காதிலிருந்து கையை எடுத்தாள். திரும்பினாள். "தொண்டை கட்டியிருந்துச்சா?"

"இல்ல."

"சத்தம் வரலையா?"

"கூப்பிட்டா நீதான் கோல் போடுவே. அதான்."

தியாஹோ டோஸ்டரிலிருந்து கருகிய ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். சுரண்டவில்லை. "பருவமே போச்சு. எல்லாருக்கும்" என்றாள். தட்டைத் தள்ளி வைத்தாள். "நோலின்கிட்ட நீயே சொல்லு."

முதல் முறையாக நீ என்றாள். ஆன்ட்டி இல்லை. அந்த வார்த்தை போய்த் தொலையட்டும் என்று பருவம் முழுக்க ஆசைப்பட்டவளுக்கு, அது இல்லாத வாக்கியம் மொட்டையாகக் கேட்டது.

நோலின் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். "உனக்கு ஒப்பந்தம் கிடையாது" என்றாள். கெர்ரின் கதவு வரை போன பிறகு கூப்பிட்டாள். "பயிற்சிக்கு வேணும்னா வா." அணியில் இருந்த மற்றவர்களுக்கு அவள் என்ன சொன்னாளோ, யாரும் கெர்ரினிடம் எதுவும் கேட்கவில்லை.

தியாஹோ அந்த வாரமே வேறு வீட்டுக்குப் போனாள். ஃப்ரீசரில் பாதிப் புகை மீன் மிச்சம் இருந்தது. கெர்ரின் அதைச் சாப்பிடவும் இல்லை, எறியவும் இல்லை.

கெர்ரின் பயிற்சிக்குப் போனாள். மறுபடியும் பயிற்சித் துணையாக, இன்னும் நான்கு வருடம். பெரும்பாலும் எதிரணி. ஆள் குறைகிற நாளில் தியாஹோவின் பக்கம். அப்படிப்பட்ட நாட்களில் பின்னால் போய் நின்று, முன்பைவிடச் சத்தமாகவே "வேணும்னா இருக்கேன்" என்பாள். தியாஹோ தலையைத் திருப்பிப் பார்ப்பாள். பார்த்த பிறகே கொடுப்பாள். அரை விநாடிதான். வெளியில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது வருடம் பிரையர் என்று ஒரு புது விங் அட்டாக் வந்தாள். பதினெட்டு வயது. பூனைக்குட்டி மாதிரி குரல், அரங்கின் பாதி தூரத்துக்குக்கூடப் போகாது. முதல் வாரப் பயிற்சியில் எதிரணியில் நின்ற கெர்ரின், தியாஹோவை முன்னால் அடைத்து இரண்டு கையையும் தூக்கினாள். பின்னாலிருந்து அந்தக் கீச்சுக்குரல் வந்தது. "இருக்கேன்."

தியாஹோ திரும்பவில்லை. கெர்ரினின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே பந்தைத் தோளுக்கு மேலே பின்னால் அனுப்பினாள். அது பிரையரின் கைக்குள் போய் உட்கார்ந்தது.

ஜி.ஏ. பட்டையைப் பார்த்து வயிறெரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று கெர்ரினுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையிலிருந்த பந்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நோலின் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

இரங்கல் கூட்டத்துக்குத் தியாஹோவும் வந்திருந்தாள். கதவோரம், எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்துகொண்டு நின்றாள். கெர்ரினின் அப்பா அவளிடம் போய், "நீயும் அவளோட ஆடினவதானே, ஒரு வார்த்தை சொல்லேம்மா" என்றார்.

தியாஹோ குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி குரல் எங்க இருந்தாலும் கேக்கும், அங்கிள்" என்றாள். அப்புறம் சமையலறைப் பக்கம் போய், காலித் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.