சம்பந்தி வீட்டு வாசலில் ஓர் இலந்தை

செடி விற்பதும் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதும் ஒரே மாதிரியான வேலை. கொடுத்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி போய்ப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் தூங்கவும் முடியாது. கத்தரிக்காய் விற்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. விற்றது அன்றைக்கே குழம்பாகிவிடும். செடி விற்றவனை மட்டும் கல்யாண வீட்டில், கோயில் கொடையில், ஆஸ்பத்திரி வரிசையில்கூடப் பிடித்து நிறுத்தி, "அண்ணாச்சி, இலை சுருளுதே" என்று கேட்பார்கள். என்னைப் போல் கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

திருச்செந்தூர் ரோட்டில், உப்பளங்களைத் தாண்டி என் செடிக்கடை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எல்லாச் செடியும் வைத்திருந்தாலும் எனக்குப் பேர் வாங்கித் தந்தது ஒட்டு இலந்தைதான். அடியில் காட்டு இலந்தை, மேலே பெரிய பழம் தரும் ஜாதி. காட்டுப் பழத்தில் முக்கால்வாசி கொட்டை. ஒட்டுப் பழமோ கோழிமுட்டை அளவுக்கு வரும், கடித்தால் நறுக்கென்று இருக்கும். உப்புக் காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அசராது. தூத்துக்குடிக்கென்றே செய்த மரம். அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது, அதுவும் சொந்தத்திலிருந்து.

வாசல் மரம்

என் மகள் செல்வியைக் கட்டிக்கொடுத்தபோது, சீர்வரிசையோடு ஒரு இலந்தைக் கன்றையும் கொண்டுபோய் சம்பந்தி வீட்டு வாசலில், கேட்டுக்கு வெளியே என் கையாலேயே நட்டேன். சம்பந்தி பாத்திரக்கடை வைத்திருப்பவர். மரம் நன்றாக வளர்ந்தது. குடை மாதிரி விரிந்து, அவருடைய ஸ்கூட்டருக்கும் அவருக்கும் நிழல் கொடுத்தது. காய்தான் இல்லை. உச்சியில் அணில் தின்பதற்கு நாலு காய் வரும், அவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியும். இலந்தை புதுக்கிளையில்தான் காய்க்கும். வருஷம் ஒருமுறை கோடையில் பழைய கிளைகளை இரக்கமில்லாமல் வெட்டிவிட வேண்டும். அதற்குப் பேர் கவாத்து. சம்பந்தியோ ஒரு இலையைத் தொட விடமாட்டார், நிழல் போய்விடுமாம்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தெரு வழியாகத்தான் வர வேண்டும். ஒருநாள் ஒரு அம்மா, செடியைத் தேர்ந்தெடுத்து, கையில் தூக்கியும் விட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். செடியை எடுத்த இடத்திலேயே வைத்தார். "சம்பந்திக்கே காய்க்காத மரத்தைக் குடுத்தவரு, எனக்கு என்னத்தைக் குடுப்பாருன்னு யோசிக்கேன் அண்ணாச்சி."

எலும்பு

நேராகப் போய்க் கவாத்து பண்ணச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போக மாட்டேன். என் பேரனுக்குக் காதுகுத்து நடந்தபோது, தாய்வழித் தாத்தாவான என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள். அதையாவது பொறுத்தேன். கறி வாளி என் இலைக்கு வரும்போது உள்ளே எலும்பும் குழம்பும்தான் மிச்சம். முதல் பந்தியில் சம்பந்தியின் பாத்திரக்கடைக் கூட்டாளிகள் உட்கார்ந்து ஈரல் தின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கை கழுவப் போனேன். அங்கே நின்ற சம்பந்தி சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார். சாதாரணமாகத்தான் விசாரித்தார் என்று செல்வி இன்றைக்கும் சாதிக்கிறாள். அந்தத் தொனி எனக்கல்லவா தெரியும்? அன்றைக்கு வெறுங்காலோடு கிளம்பினவன், பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொதிக்கிற தாரில் நடந்தேன். இனி அந்த வாசற்படி மிதிப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அவர் கேட்டது இதுதான்: "என்ன சம்பந்தி, எலும்பு நல்லா வெந்திருந்துச்சா?"

கேன் தண்ணீர்

நாசரேத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவும் அவருடைய கணவரும் இங்கே வீடு கட்டி வந்தார்கள். இரண்டு செடி வாங்கினார்கள். அடுத்த வாரம் டீச்சர் வந்து, செடி ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டார். என்ன தண்ணீர் விடுகிறீர்கள் என்றேன். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம், அதுவும் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீர் என்றார். போர் தண்ணீரில் உப்பு இருக்கிறதாம், சின்னப் பிள்ளைக்கு ஆகாதாம். சின்னப் பிள்ளை என்று அவர் சொன்னது செடியை.

டீச்சர், இலந்தைக்கு உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, நீங்கள் ஊற்றுகிற ஊற்றில்தான் வேர் அழுகுகிறது, மண் கொஞ்சம் காயட்டும் என்றேன். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. கூட வந்திருந்த கணவர், தலையைச் சொறிந்துகொண்டே வாயைத் திறந்தார். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து அவர் தலையில் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் முடி இருந்தது. "ஏளா, இனிமே அந்தச் செடியை பாத்ரூம் ஜன்னல் ஓரமா நட்டுரு. நீ கேன் தண்ணி ஊத்தும்போது என் மேலயும் ரெண்டு சொட்டு தெறிக்கட்டும்."

பதவி உயர்வு

துறைமுகத்தில் ஏதோ ஒரு ஆபீசில் பெரிய பொறுப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர். செடி வாங்கிப் போகும்போதே, ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் கிள்ளி எறியுங்கள், அது காட்டு ஜாதி என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். மறுவருஷம் ஒரு கை பழத்தோடு வந்து மேசையில் கொட்டினார். அத்தனையும் கோலிக்குண்டுக்குத் தம்பி மாதிரி இருந்தது. இதுதான் உம்ம முட்டை இலந்தையா என்று ஒரே சத்தம்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முள்ளும் புதருமாக ஒரு காட்டு இலந்தை மாடி வரைக்கும் ஏறி நிற்கிறது. நான் கட்டிக்கொடுத்த ஒட்டுக் கிளையை அடியோடு வெட்டி எடுத்திருக்கிறார். ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்றேன். ஆபீசில் கையெழுத்துப் போடுகிற தோரணையில் நிதானமாகப் பதில் சொன்னார். "மேல இருந்தவன் சோம்பேறியா உக்காந்திருந்தான். கீழ இருந்து வந்தவன் சுறுசுறுப்பா இருந்தான். நான்தான் அவனுக்கு ப்ரமோஷன் குடுத்தேன்."

சித்திரைச் சாவு

அடுத்தது லாஞ்சுக்காரர். மீன்பிடிக்கிற விசைப்படகுக்குச் சொந்தக்காரர், நல்ல மனுஷர், சம்பந்தி வீட்டுக்கு அடுத்த தெரு. ஒரு சித்திரை மத்தியானம் அவருடைய ஆட்டோ என் கடைமுன் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு முழு இலந்தை மரம் வேரும் மண்ணுமாகப் படுத்திருக்கிறது. அவர் சம்சாரம் மரத்தின் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பங்குனியில் இலை பழுத்ததாம், சித்திரையில் ஒரு இலை இல்லாமல் செத்துப்போய்விட்டதாம், அதனால் பிடுங்கிக் கொண்டுவந்துவிட்டாராம்.

நான் நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சைப் பசேலென்று இருந்தது. அண்ணாச்சி, இலந்தை கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், ஆனியில் எழுந்திருக்கும் என்றேன். லாஞ்சுக்காரர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த மனுசன் மத்தியானம் தூங்கும்போது நான் ஒருநாளாவது பிடுங்கிப் போட்டிருக்கேனா அண்ணாச்சி?"

தூது

தூங்குகிற மரத்தைப் பிடுங்கின பாவத்துக்குப் பரிகாரமாக எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று லாஞ்சுக்காரர் துடித்தார். நானும் சம்பந்தி மரத்தின் கதையைச் சொன்னேன். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், நீங்களாகவே பேச்சுவாக்கில் கவாத்தைப் பற்றி எடுத்துவிடுங்கள் என்று பாடம் நடத்தி அனுப்பினேன்.

கடலில் எவ்வளவு பெரிய அலையானாலும் சமாளிக்கிற மனுஷன், சம்பந்தியின் கேட்டைத் திறந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். எடுத்த எடுப்பிலேயே, "உங்க மரத்தைத் தலையை எடுத்துரணும்னு உங்க சம்பந்தி சொல்லிவிட்டாவ" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, சம்பந்தி சொன்ன பதிலை ஒரு எழுத்துக் குறையாமல் என்னிடம் ஒப்பித்தார். "ஒரு நேரம் எலும்பு போட்டதுக்கு என் மரத்தோட தலையைக் கேக்காரா வே?"

செருப்பு

ஆடி மாசம் செல்வி போன் பண்ணினாள். அப்பா, நீங்கள் யாராவது சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று பழைய விளக்குமாறும் செருப்பும் கட்டித் தொங்கவிடுவது நம் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். அவளுடைய மாமியார் அப்படி ஒரு ஜோடிச் செருப்பை வாசல் மரத்தில் கட்டியிருக்கிறார். பச்சை வார், இடது காலில் ஆணி அடித்தது. காதுகுத்து அன்றைக்குக் கோபத்தில் நான் விட்டுவிட்டு வந்த செருப்பு.

ஊரே பார்க்கிற மரத்தில் என் செருப்பு! அன்றைக்கு நான் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. நான் பட்டினி கிடந்த செய்தி செல்விக்குப் போக, அவள் மறுபடியும் போன் பண்ணிச் சமாதானம் சொன்னாள். "கோவப்படாதீங்கப்பா. அத்தை வேணும்னு கட்டலை. வீட்டுல யாருக்கும் சேராத செருப்பு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

கரண்ட் வேலை

பங்குனியில் ஒருநாள் காலை, தெருவில் மின்கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்ட கரண்ட் ஆட்கள் வந்தார்கள். செல்வி போனில் அலறினாள். "அப்பா, மரத்தை வெட்ட வந்துட்டாங்க, மாமா கட்டிப் பிடிச்சிட்டு நிக்காவ." எனக்கு ஒரு நிமிஷம் குழப்பம். அந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றுதானே முடிவு? மரம் கேட்டுக்கு வெளியே தெருவில் நிற்கிறது. தெரு ஒன்றும் சம்பந்தியுடையது இல்லை. புறப்பட்டுவிட்டேன்.

போய்ப் பார்த்தால், சம்பந்தி பனியனோடு அடிமரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். லைன்மேன் ஏணியில் நின்று அரிவாளை ஓங்கியபடி கெஞ்சுகிறான். எனக்குள் பல வருஷம் அடக்கிவைத்திருந்த கவாத்து பொங்கிவிட்டது. "ஏலே, நல்லா இறக்கி வெட்டு! அந்தக் கிழக்குக் கிளை! அதுக்கு அடுத்தது!" என்று நான் கீழேயிருந்து கத்த, "பாத்தியளா, பாத்தியளா, கொல்லச் சொல்லுதாரு!" என்று சம்பந்தி தெருவைச் சாட்சிக்கு அழைத்தார். லைன்மேன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மேலேயிருந்து பார்த்தான். "கம்பியில படுத கிளை மட்டும்தான் என் டூட்டி. மத்தது உங்க குடும்பத் தகராறு. அதுக்கு வேற ஆபீசு."

சமம்

சொன்னபடியே கம்பிப் பக்கத்துக் கிளைகளை மட்டும் சீவித் தள்ளிவிட்டு அவன் ஏணியைத் தூக்கிவிட்டான். மரம் ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் காடாகவும் நின்றது. முடிவெட்டும்போது கரண்ட் போய்ப் பாதியில் எழுந்து வந்த தலை மாதிரி. பாதி வெட்டினால் பாதிதான் காய்க்கும், மிச்சமும் போக வேண்டும் என்று என் மனது அடித்துக்கொண்டது. ஆனால் நான் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் கெட்டுவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதுபோல் ஒரு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

அப்போது எதிர்வீட்டுப் பையன்கள் மரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சம்பந்தி நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து மரத்தைப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். பாத்திரக்கடையில் நசுங்கின குடத்தைப் பார்க்கிற மாதிரி அவர் முகம் போயிற்று. நிழலாவது மண்ணாவது. தெருமுனைக்குப் போய்விட்ட லைன்மேனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏ தம்பி, இங்கன வாப்பா. டீ வாங்கித் தாரேன். இந்தப் பக்கமும் அதே அளவுக்கு வெட்டிச் சமமா ஆக்கிட்டுப் போ, பாக்கச் சகிக்கலை."

தை மாசம்

அந்த வருஷம் மரம் காய்த்த காய்ப்பை நான் சொன்னால் வியாபாரப் பேச்சு என்பீர்கள். ஆனியில் புதுக்கிளை எடுத்து, புரட்டாசியில் பூத்து, தையில் கிளை ஒவ்வொன்றும் பழம் தாங்காமல் கேட்டின் மேல் சாய்ந்தது. சம்பந்தி மூங்கில் வைத்து முட்டுக்கொடுத்தார். தெருவே தின்றது. என் செருப்பை எப்போது அவிழ்த்தார்கள் என்று தெரியவில்லை. செல்வி ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டுப் பழம் எனக்கு வேண்டாம் என்றேன். அவள் போன பிறகு, நான் கட்டிய ஒட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டி ஒன்று தின்றேன். பரிசோதனை பை காலியாகும் வரை நடந்தது.

பேர் திரும்பிவிட்டது, இனி கடையில் கூட்டம் தாங்காது என்று இருந்தேன். கூட்டம் வரத்தான் செய்தது. முன்பு செடியைத் தூக்கிவிட்டுத் திருப்பி வைத்துப் போன அதே அம்மாவும் வந்தார். தனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்று செடிகளைத் தேர்ந்தெடுத்தார். சம்பந்தி வீட்டு மரத்தைப் பார்த்தீர்களா என்று நான் ஆசையாகக் கேட்டேன். பார்த்தோம், உங்கள் சம்பந்தியிடமே கேட்டோம், அவர் எல்லா விவரமும் சொன்னார் என்றார். என்ன சொன்னார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "செடியெல்லாம் எங்க வாங்கினாலும் ஒண்ணுதானாம், அந்த லைன்மேன் தம்பி வெட்டுனாத்தான் காய்க்குமாம். அவரு போன் நம்பர் உங்ககிட்ட இருந்தா குடுங்க அண்ணாச்சி."

நல்ல வெயிலும் வருஷம் ஒரு கவாத்தும் இருந்தால் இலந்தை காய்க்கும் என்றுதான் இத்தனை காலம் சொல்லி விற்றேன். சம்பந்தி வீட்டுக்கு வாங்குகிறவர்களிடம் மட்டும், கரண்ட் கம்பிக்கு அடியில் நடுங்கள் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.