ஜப்பான் தம்பியும் குண்டசாலைத் தம்பியும்

போன ஞாயிறு மத்தியானம் ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். படத்தை அல்ல — அதில் வரும் ஒரு தம்பிக்காரனை.

யாரும் கேள்விப்படாத ஜப்பானியப் படங்கள்தான் எனக்குப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். செத்த வீடு, அடக்கி வைத்த ஆசை, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை யாராவது வாயைத் திறப்பார்கள்... வீட்டில் ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்கள். அன்றைக்கென்று, "இதைப் போடுங்கோ" என்று மனைவியே தேடி எடுத்துத் தந்தாள். அக்காவும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

அக்கா எங்களோடுதான் குண்டசாலையில் இருக்கிறாள். அத்தான் போய் மூன்று வருடம். டீவிக்கு மேலே அவருடைய போட்டோ, சின்னச் சிவப்பு பல்ப். காலையில் முதல் தேத்தண்ணி அவருக்குத்தான். இப்போது, நாவலப்பிட்டியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். தங்கமான மனிதர். அக்காவுக்கும் விருப்பம். ஆனால் தம்பி சம்மதிக்காமல் செய்யமாட்டாள். நானோ இரண்டு மாதமாக "பார்ப்பம்" என்கிறேன். சனம் என்ன கதைக்கும்?

படத்திலும் ஒரு விதவை. காலையில் புருஷனின் போட்டோவுக்கு முன் சோறு வைக்கிறாள். மீன் விற்க வருகிற ஒருவன் மேல் ஆசை. அவன் அவள் கையைப் பிடித்ததுமே ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டிவிட்டேன். அத்தான் மேலே இருக்கிறாரே!

குறுக்கே நிற்பது அவளுடைய தம்பி. வேண்டாம் என்றும் சொல்லமாட்டான், சரி என்றும் சொல்லமாட்டான். முள்ளங்கி நறுக்கிக்கொண்டே இருக்கிறான்.

"மடையன்! அவள் சந்தோசமா இருந்தா இவனுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்று கத்தினேன். கண்ணும் கலங்கிவிட்டது.

மனைவி தேத்தண்ணி போடப் போகிறவள் போல அவசரமாகக் குசினிக்குள் போனாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"நீ ஓட்டின இடத்தைத் திருப்பிப் போடு, தம்பி" என்றாள் அக்கா. பிறகு போட்டோவைப் பார்த்தபடி, "இவரிட்டக் காலமையே கேட்டிட்டன், தேத்தண்ணி வைக்கேக்க. வேண்டாமெண்டு ஒண்டும் சொல்லேல்லை. இனி நீதான் மிச்சம்."

மடையன் என்று நானே தீர்ப்புச் சொல்லியாயிற்று... வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

"அவரை வரச் சொல்லு, அக்கா" என்றேன்.

அவள் ரிமோட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மனைவியும் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்த இடத்திலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்தோம் — அத்தானையும் சேர்த்து, நாலு பேரும்.